இடம் விடாத எழுத்து

நங்கை,

இன்று காலை ஜப்பானியப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது நீலகிரித் தைல வாசம் வந்தது. வீட்டில் தைலம் இல்லை. படிக்கும்போது நீங்கள் நெற்றியில் தடவிக்கொள்ளும் அந்தச் சின்னப் பாட்டிலை, உங்கள் துணிமணிகளோடு சேர்த்து அண்ணன் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார். வெளியே மாந்தோப்பில் ஓர் இலைகூட அசையவில்லை. நான் படிப்பதை நிறுத்தியதும் வாசம் நின்றது. மறுபடி தொடங்கினேன், மறுபடி வந்தது. பயப்படவில்லை என்று சொன்னால் பொய்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு நங்கையாகக் கொல்லங்கோட்டுக்கு வந்தபோது நீங்கள் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிறுதோறும் கோயம்புத்தூருக்கு வகுப்புக்குக் கிளம்பினீர்கள். நானும் நர்சிங் முடித்துச் சும்மா இருந்ததால் துணைக்கு அனுப்பினார்கள். வாளையார் எல்லையில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிடும். நீங்கள் மடியில் புத்தகத்தை விரிப்பீர்கள். பக்கம் முழுக்க ஒரே கோர்வையாக எழுத்து. சொல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றும்.

"அவங்க எடம் உடமாட்டாங்க கண்ணு. நாமதான் மூச்சு உட்டுப் பிரிக்கோணும்" என்பீர்கள்.

சீனத்திலிருந்து வந்த நெருக்கமான எழுத்து தலை, வளைந்த சின்ன எழுத்துகள் வால், வால் முடிந்து அடுத்த தலை தெரிந்தால் பெரும்பாலும் புதுச் சொல் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். நம் பெயர்களுக்கும் ஊர்களுக்கும் கோடு கோடாகத் தனி எழுத்து. தலையே இல்லாமல் வளைந்த எழுத்தாகவே வரும் வரிகளில்தான் நான் மாட்டிக்கொள்வேன். ஒருநாள் அப்படி ஓர் அறிவிப்பை, 'இங்கே உடையைக் கழற்றவும்' என்று படித்துவிட்டேன். உண்மையில் அது 'இங்கே செருப்பைக் கழற்றவும்'. நடுவில் இருந்த ஓர் எழுத்தை முன்சொல்லோடு ஒட்டினால் அது 'வ', மிச்சம் 'கிமோனோ', அதாவது உடை. பின்சொல்லோடு ஒட்டினால் அதுவே 'ஹ', 'ஹகிமோனோ', அதாவது செருப்பு. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். அதன்பிறகு நான் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பிரிய வேண்டிய இடத்தில் மெல்ல மூச்சை இழுப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் நிறுத்துவேன்.

பரீட்சை எழுதினீர்கள், தேறினீர்கள். விசா வருவதற்குள் மழை வந்தது. வயலில் தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்ததில் எலிக்காய்ச்சல் பிடித்தது. கடைசி நாட்களில் உங்கள் பேச்சில் இடைவெளியே இல்லை. தமிழும் மலையாளமும் ஜப்பானியமும் ஒரே இழுப்பாக வந்தன. டாக்டருக்குப் புரியவில்லை, அண்ணனுக்கும் புரியவில்லை. நான் காதை வைத்துப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். தண்ணீர் என்றீர்கள், கால் வலி என்றீர்கள். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னீர்கள்.

"எங்கூடவா."

அதை எங்கே பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'என் கூட வா' என்று என்னைக் கூப்பிட்டீர்களா? அல்லது, நான் பார்க்க முடியாத யாரோ கூப்பிட்டதற்கு 'என் கூடவா?' என்று கேட்டீர்களா? கதவருகில் யாரும் இல்லை. அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். "கூப்புட்டவ பக்கத்துல நிக்காத" என்றார். அன்று சாயங்காலமே நீங்கள் போய்விட்டீர்கள்.

அடுத்த தடவை நான் பரீட்சைக்குப் பணம் கட்டியபோது அம்மா பேச்சை நிறுத்தினார். அவள் போக இருந்த இடத்துக்கு இவளும் போனால், அவள் பின்னால் போனதாகத்தானே ஆகும் என்று அண்ணனிடம் அழுதிருக்கிறார். நான் விடவில்லை. பரீட்சையில் தேறினேன்.

இன்று பதினொரு மணிக்கு, ஜப்பானில் நான் வேலை கேட்டிருந்த முதியோர் இல்லத்து அம்மாள் வீடியோவில் பேசினார். அண்ணன் தோப்பில், அம்மா கோயிலில். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். தம் இல்லத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டிப் படிக்கச் சொன்னார். முழுக்க வளைந்த எழுத்து. பாதியில் தடுமாறினேன். என் வலது காதருகே யாரோ மெல்ல மூச்சை இழுத்தார்கள்.

அங்கே நிறுத்தினேன். வரி சரியாகப் பிரிந்தது.

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகக் கேட்டார். பக்கத்தில் இருப்பவரும் கூட வருகிறாரா என்று.

திரும்பிப் பார்த்தேன். வெறும் நாற்காலி. அவர் சொன்னதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கே வெட்டினாலும் வேறு பொருள் வரவில்லை. இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அதை விட்டுவிட்டு, ஆமாம் என்றேன்.

அவர் எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு பார்வையைச் சற்று நகர்த்தி, என் வலப்பக்கம் பார்த்து, இன்னொரு முறை குனிந்தார்.

அம்மாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டாவது வணக்கம் என்னிடம் இருக்கிறது, நங்கை. அது எனக்கு வந்ததல்ல. போகிற இடத்துக்கெல்லாம் சுமந்துகொண்டு போவேன்.