வடிவான ரயர்

என் இஞ்சாருங்கோவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் புதிதாகச் சொல்ல வாய் வருமா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் இருந்த அந்த முதல் வீட்டில், குசினிக்குள் அடுப்படியில் நின்று "இஞ்சாருங்கோ" என்று கத்தினால் "ஓம், வாறன்" என்பீர்கள். வரமாட்டீர்கள். இப்போதும் சிலவேளை வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிறேன். அந்தப் பொய் 'வாறன்' கேட்டாலே போதும் போல இருக்கிறது.

நீங்கள் போய் ஒரு வருசம், உங்களுடைய ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். நீங்கள் பண்பாளர், பாசமானவர், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள். பொறுமையின் சிகரமாம்! நான் கார்ச் சில்லுக்குப் போடுகிற ரயரைப் பற்றி எழுதப் போகிறேன். எனக்கு இப்போது அதுதான் கவலை. ஒரு கிழமையாக வாய்க்குச் சோறு பிடிக்கவில்லை.

திவசம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் சுபா உங்களுடைய காரை விட்பியிலிருந்து டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரப்போகிறாள். ஆம், 401 நெடுஞ்சாலையில்தான். லொறிகள் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு போகிற அதே ரோட்டில்.

எந்தக் கார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்புமார் பிறந்த காலத்துக் கார் உடம்பு ஒன்றை எடுத்து, கூரையைக் குறுக்கி, முன்பக்கத்தைப் பதித்து, அதற்குள் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து வைத்திருக்கிறார் இந்த மனுசன். ஹொட் றொட் என்று அதற்குப் பெயர். கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ரெறிக்கு விட்பியில் இருக்கிற கராஜில், சனிக்கிழமைகளில் எல்லாம் அங்கே கிடந்து கட்டினார். பிள்ளைக்கு ஒரு பிறந்தநாள் என்றாலும் கேக் வெட்டின கையோடு விட்பிக்கு ஓடிவிடுவார்.

"சக்களத்தி வீட்டுக்குப் போறியளோ?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டு போவீர்கள். நான் அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்று சபதம் போட்டது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

இப்போது ரெறி வீட்டை விற்றுவிட்டு வடக்கே போகிறார். கார் கராஜை விட்டு வெளிக்கிட்டே ஆகவேண்டும். கட்டி இழுக்கிற லொறியில் ஏற்றி அனுப்பலாம் என்றேன். சுபா கேட்கவேண்டுமே.

"அம்மா, நோ வே. அப்பா ஓடத்தானே கட்டினவர். செத்த மாடு மாதிரி லொறியில ஏத்திக்கொண்டு வரச் சொல்லுறீங்களோ?"

செத்த மாடாம்! அவளுக்கு உங்கள் வாய். அதற்கு நான் என்ன செய்ய?

காரில் எல்லாப் பாகமும் பூட்டி முடித்துவிட்டீர்கள், ரயரைத் தவிர. நான்கு கட்டைகளில் தூக்கி வைத்தபடி விட்டுப் போனீர்கள். ரயரில் என்ன இருக்கிறது, வட்டமாக இருந்தால் சரிதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பழைய மாதிரி ரயர் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் அகலமாக வெள்ளைக் கரை போட்டது. முன்னுக்குச் சின்னதும் பின்னுக்குப் பெரியதுமாகப் போட்டால் கார் படத்தில் வருவதுபோல நிற்கும். ஆனால் ஈர ரோட்டில் அதற்குப் பிடி குறைவு. ரோட்டில் தடம் கண்டால் அதன் பின்னாலே இழுத்துக்கொண்டு ஓடுமாம். மற்றது இந்தக் காலத்து ரேடியல் ரயர். கறுப்பாக, சப்பையாக, எங்கள் கட்டடத்துக் கீழ்ப் பாக்கிங்கில் நிற்கிற எல்லாக் கார்களுக்கும் இருப்பது போல இருக்கும். ஆனால் மழையில் பிடித்து நிற்கும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் நான் எப்போதோ முடிவு சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனீர்களே!

நான் அப்போது கீழே தேத்தண்ணி வாங்கப் போயிருந்தேன். சுபாவும் உங்கள் தம்பி பாலனும்தான் பக்கத்தில் நின்றார்கள். தெளிவாக நீங்கள் பேசியது அதுதான் கடைசி. "ரயர் வடிவா இருக்கோணும்" என்றீர்களாம். நான் கோப்பையோடு திரும்பி வரும்போது உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது. பிறகு இரண்டு நாள் மூச்சு மட்டும்தான் இருந்தது. அந்தத் தேத்தண்ணி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வேறு ஊர்க்காரருக்கு இந்த வில்லங்கம் வராது. எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். வடிவு என்றால் எங்களுக்கு அழகு. வடிவாய் என்றால் ஒழுங்காக, கவனமாக, நன்றாக. வடிவான பொம்பிளை என்போம். வடிவாய்ச் சாப்பிடு, கதவை வடிவாய்ப் பூட்டு, ரோட்டைக் கடக்கும்போது வடிவாய்ப் பார் என்றும் சொல்வோம்.

"அண்ணைக்கு வெள்ளைக் கரை ரயரில உயிர், அண்ணி. குசினிப் பிறிஜ்ஜில அதின்ர படம் ஒட்டி வைச்சவர்தானே. வடிவா இருக்கோணும் எண்டால் அழகா இருக்கோணும் எண்டுதான்," என்கிறான் பாலன்.

"சித்தப்பா, ப்ளீஸ். அப்பா எனக்குக் கார் ஓடப் பழக்கேக்க எத்தினை தரம் சொன்னவர், வடிவாப் பிரேக் பிடி, வடிவாப் பிரேக் பிடி எண்டு. ஒழுங்கான ரயர் எண்டுதான் சொன்னவர்."

ரெறியிடம் கேட்கலாம் என்று பார்த்தால், இதை அவருக்கு எந்த இங்கிலீசில் விளங்கப்படுத்துவது? அவர் இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

நானும் மண்டையைப் போட்டு உடைத்தேன். அழகு என்ற பொருளில் அந்தச் சொல் உங்கள் வாயில் வந்தது குறைவு. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு வந்து "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை, கெதியா வா" என்பீர்கள். அப்படிப் பார்த்தால் சுபா சொல்வது சரி. ஆனால் ஒருநாள் விட்பியிலிருந்து வந்து சப்பாத்துக் கழற்றும்போது, "பெயின்ற் அடிச்சாச்சு. என்ன வடிவு தெரியுமே!" என்றீர்கள். அன்று நான் புட்டுத் தட்டை மேசையில் டங்கென்று வைத்தேன். உங்களுக்கு ஏன் என்று விளங்கியதா? அப்படிப் பார்த்தால் பாலன் சொல்வதும் சரி.

போன சனிக்கிழமை மூன்று பேரும் விட்பிக்குப் போனோம். ரெறி தன் சிநேகிதனிடம் இன்னும் ஓடாத புது வெள்ளைக் கரை ரயர் ஒரு சோடி முன்னுக்கும் ஒரு சோடி பின்னுக்கும் இரவல் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார். பொய் சொல்லக்கூடாது, கார் அப்படியே சொக்க வைத்தது. பாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குமே, 'சரி, இதுதான்' என்று ஒரு நிமிடம் மனம் இளகியது.

மழை தூறிக்கொண்டிருந்தது. சுபா ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்றாள். நான் வாசலில் குடையோடு நின்றேன். தெரு முனையில் ஸ்டொப் சைன் இருக்கிறது. அவள் மெதுவாகத்தான் போனாள், பிரேக்கும் பிடித்தாள். பின்னால் சிவப்பு வெளிச்சம் எரிந்ததை என் கண்ணால் கண்டேன். கார் நிற்கவில்லை. சில்லு சுற்றாமலே வழுக்கிக்கொண்டு போய்ச் சந்தி நடுவில் குறுக்காக நின்றது. வந்த வான் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி வெட்டிக்கொண்டு போனது.

ஐயோ, என்ர பிள்ளை! நான் குடையை எறிந்துவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு எங்கே போனது என்று தெரியாது. சுபா ஸ்ரியரிங்கை இறுகப் பிடித்தபடி இருந்தாள். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

கராஜுக்குத் திரும்பி வந்ததும் பாலன், "புது ரயர் அண்ணி, ஓட ஓடப் பிடிக்கும்," என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "நீ வாயைப் பொத்து. இந்தக் காரையும் வேண்டாம், ரயரையும் வேண்டாம். ரெறி ஆருக்காவது குடுக்கட்டும். அந்த மனுசனும் போச்சு, பிள்ளையையும் குடுக்க ஏலாது!"

சத்தம் கேட்டு ரெறி வீட்டுக்குள்ளே போய்விட்டார். சுபா தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா, அப்பா அது மட்டும் சொல்லேல்லை," என்றாள்.

"வேற என்ன சொன்னவர்?"

"அம்மாவை முன்னுக்கு ஏத்தோணும், ரயர் வடிவா இருக்கோணும் எண்டு சொன்னவர். நீங்கள் ஏறவே மாட்டன் எண்டு திரிஞ்சனீங்கள். சொன்னால் இன்னும் அழுவீங்கள் எண்டு சொல்லேல்லை. ஐ ஆம் சொறி, அம்மா."

பாலனைப் பார்த்தேன். "ஓம் அண்ணி, அப்பிடித்தான் சொன்னவர்," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

அந்த எண்ணெய் மணக்கிற கராஜில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து நான் அழுத அழுகையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இஞ்சாருங்கோ, என்ன நினைத்துச் சொன்னீர்கள்? நான் இருக்கிற கார் பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்றா? இல்லை, எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றா? இன்னும் ஒரேயொரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அழுது முடித்துவிட்டு ரெறியைக் கூப்பிட்டேன். கறுப்பு ரேடியல் போடச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசே அதற்குப் போதுமாக இருந்தது. பாலனுக்கு முகம் தொங்கிவிட்டது. "காரின்ர வடிவு போயிடுமே, அண்ணி," என்றான். போகட்டும் என்றேன்.

என்றாலும் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை என்று ரிவியில் சொல்கிறார்கள். புது ரயர் என்றாலும் ரயர்தானே. எஞ்சின் நடுவழியில் நின்றால்? லொறிக்காரன் பார்க்காமல் வெட்டினால்? நீங்கள் ஒரு ஆணியைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால்? பகலில் வேலைத்தலத்தில்கூட இதே யோசனைதான்.

ஆனால் சொல்லிவிட்டேன், நான் ஏறுவேன். முன் சீற்றில், சுபாவுக்குப் பக்கத்தில். வழி முழுக்கக் கத்துவேன். "மெல்லப் போ, மெல்லப் போ" என்று அவளின் உயிரை எடுப்பேன். ஆனால் டோர்செட் பார்க் வரும்வரைக்கும் இறங்கமாட்டேன். இது சத்தியம்.

ரயர் கறுப்புத்தான், மன்னித்துக்கொள்ளுங்கோ. வடிவுக்கு நான் இருக்கிறன்.

உங்கட மனிசி,
தவமணி