படிகாரத் தண்ணீர்

17 ஆகஸ்ட் 1943, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

குழாயில் இப்போதெல்லாம் சேறுதான் வருகிறது. குடத்துக்குள் படிகாரக் கட்டியைத் தேய்த்துத் தெளியவைத்துதான் குடிக்கிறோம். நேற்று மகள் செல்விக்கு வயிற்றுவலி. அந்தப் பயத்தில் இன்று கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு ஜப்பான் சிப்பாய் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். செம்பில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் துப்பினான். நாக்கில் துவர்ப்பு ஏறியிருக்க வேண்டும்.

"ராச்சுன்?" விஷமா என்று மலாயில் கேட்டான்.

படிகாரத்தை எடுத்துக் காட்டினேன். அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். நானே குடித்துக் காட்டலாம் என்று கை நீட்டினேன். அவன் செம்பைச் செல்வியிடம் கொடுத்தான். எட்டு வயசுப் பிள்ளை, முகம் சுளிக்காமல் முழுவதும் குடித்தாள். அவளையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தானும் ஒரு செம்பு வாங்கிக் குடித்தான். போகும்போது படிகாரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது பாயில் படுத்துக்கொண்டு செல்வி கேட்கிறாள். "நாளைக்கும் அவன் வந்தா நான்தான்மா மொதல்ல குடிக்கணுமா?"

தூங்கு என்றேன். நாளைக்குக் குடத்தில் வெறும் குழாய்த் தண்ணீர்தான் இருக்கும்.