சாட்சி இல்லாத உறை

வியாழன் காலை, ஏப்ரல்

அன்புள்ள அர்வோ,

இங்கே நலம். நம் எல்லிக்கு இந்த வாரம் வலிப்பு வரவில்லை. விரிகுடாவில் பனிக்கட்டி இன்னும் முழுதாக விலகவில்லை. உன் கப்பல் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு டுலூத்திலிருந்து கிளம்பிவிட்டது என்று கம்பெனியில் சொன்னார்கள். அடுத்த துறைமுகத்தில் இது உன் கைக்கு வரும். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன், நடு ஏரியில் நீ அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்குமா தெரியாது.

நம் ஊர் ஆம்புலன்ஸுக்கான வரி வாக்கெடுப்பில் தோற்றுவிட்டது. 'ஆம்' எத்தனையோ 'இல்லை'யும் அத்தனையே. ஆட்கள் போட்டியிட்டுச் சமமாக வந்திருந்தால் கிண்ணத்தில் சீட்டுப் போட்டாவது எடுத்திருப்போம். வரி கேட்கும் வாக்கெடுப்புக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, ஒன்றாவது கூடினால்தான் ஜெயம். ஜூன் கடைசியோடு நம் ஊர் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் மாவட்டத் தலைநகரிலிருந்துதான் வர வேண்டும். பனிக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஜனவரியில் எல்லி நீலம் பாரித்துக் கிடந்தபோது, நான் பூட்ஸைத் தேடி மாட்டுவதற்குள் ஆம்புலன்ஸ் ஓட்டும் டக், வண்டியோடு வாசலில் வந்து நின்றான்.

இனி உன் உறையைப் பற்றி. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேர்னாவும் நானும் டவுன் ஹாலில் தேர்தல் மேசையில் உட்கார்ந்தோம். காலையில் சட்டப்படி நடப்போம் என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம். மதியம் தபால் வாக்குகளை எடுத்தபோது உன் உறை என் கையில்தான் வந்தது. உன் கையெழுத்து இருந்தது. சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. கப்பலில் அத்தனை பேர் இருக்கிறீர்கள். சமையல்காரரிடம் நீட்டியிருந்தால் ரொட்டி மாவுக் கையோடாவது போட்டுக் கொடுத்திருப்பாரே! கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாய்.

வேர்னா என் காதருகே குனிந்து, "பொண்டாட்டிதானேடி நீ? அவன் கையெழுத்து உனக்குத் தெரியாதா? போட்டுத் தொலையேன், யாரு கேக்கப் போறா?" என்றாள். பேனா என் கையிலேயே இருந்தது. நீ வாக்குப் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் அங்கே கையெழுத்துப் போடலாம். நான் பார்க்கவில்லையே. உன்னை எப்படியாவது பிடித்துத் தரச் சொல்லிக் கம்பெனிக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். சாவடி மூடும்வரை வழி பிறக்கவில்லை. கட்டின புருஷனின் வாக்கை என் கையாலேயே தள்ளுபடி என்று எழுதி, உறையைப் பிரிக்காமல் தனியே வைத்தேன்.

எண்ணி முடித்ததும் வேர்னா, "ஒரே ஒரு ஓட்டு, மார்லிஸ்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு இதயம் சரியில்லை, அவளைக் குறை சொல்ல முடியாது. நேற்று மளிகைக் கடையில் டக்கைப் பார்த்தேன். "நீங்க செஞ்சதுதான் சரி, மார்லிஸ். சட்டம்னா சட்டம்தான்" என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறு எண்ணிக்கை கேட்கலாம் என்கிறார்கள். எத்தனை தடவை எண்ணினாலும் மூடிய உறையைத் திறக்கப் போவதில்லை. நவம்பர் தேர்தலில் மறுபடி கேட்கலாம் என்கிறார்கள், அதற்குள் வண்டியை விற்றிருப்பார்கள்.

அந்த உறைக்குள் 'ஆம்'தான் இருந்தது என்று ஊரே பேசுகிறது. எல்லியின் அப்பா வேறு என்ன போட்டிருப்பான் என்கிறார்கள். நானும் அவர்கள் பேச்சுக்கு ஆமாம் போடுகிறேன். ஆனால் மார்ச்சில் சொத்து வரி நோட்டீஸை மேசைமேல் வீசிவிட்டு நீ கத்தியது எனக்கு மட்டும்தான் தெரியும். "கட்டுற வரிக்கே முதுகு ஒடியுது, இதுல இன்னொண்ணா? எவன் வேணா போடட்டும், நான் ஆமாம்னு போட மாட்டேன்" என்றாய். அன்றே எல்லியை மடியில் வைத்துக்கொண்டு அழவும் செய்தாய். அந்தச் சீட்டைக் குறித்தது எந்த அர்வோ?

'ஆம்' என்றால், நம் பிள்ளைக்கு வரும் வண்டியை நிறுத்தியவள் நான். 'இல்லை' என்றால்... அதை எழுதக் கை வரவில்லை.

பதில் எழுது. சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று எல்லாம் எழுது. என்ன போட்டாய் என்பதை மட்டும் எழுதாதே. நானே கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. வாக்கு ரகசியம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அது ரகசியமாகவே கிடக்கட்டும்.

கப்பல் சீசன் முடியாமல் உன்னை விட மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். ஜூன் முடிவதற்குள் வந்துவிடு, அர்வோ. இனி அவளுக்கு வலிப்பு வந்தால் காரை ஓட்ட ஒருவர் வேண்டும், அவளைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன்
மார்லிஸ்