லிஃப்டைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னால். அங்கே நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதிக் கடந்துபோக மனசு வரவில்லை, அதனால் கேட்கிறேன், சௌக்கியமாக இருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இவள் எதற்குக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு திருத்தம் சொல்கிறார். அதோடு நான் இதை ஆரம்பித்ததுமே நீ "ஐயோ அம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தின் வாயை அடைக்க உன்னால் முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவை மாடி ஏற வேண்டாம், கீழேயே இருந்து சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று லிஃப்ட் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இவர் கேட்டால்தானே. லிஃப்ட் மோட்டார் மொட்டைமாடியில் இருக்கிறது, அதன் சத்தத்தைத் தன் காதால் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டாராம். ஏறிவிட்டு வந்து ராத்திரி முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், நான் கேட்டால் தூக்கத்தில் உளறினேன் என்கிறார். உன் அறையில் கயிறு கட்டி பார்லர் துண்டுகளைக் காயப்போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, அந்த ஜன்னலில்தான் வெயில் நன்றாக வருகிறது. உன் புத்தக அலமாரிப் பக்கம் ஒரு துண்டுகூடப் போவதில்லை. அந்த நாற்காலியில் நீ போட்டுவிட்டுப் போன பழைய ஸ்வெட்டர் அப்படியே இருக்கிறது, துவைத்து மடிக்க வேண்டும் என்று நினைப்பேன், எடுப்பேன், பிறகு திரும்ப அங்கேயே போட்டுவிடுவேன்.

பார்லரில் இந்த மாதம் முழுக்க ஒரே பேச்சு, அந்த லிஃப்ட் படம். கதை உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன், ஏன் என்று நீயே புரிந்துகொள்வாய். புருஷனும் பெண்டாட்டியும் சண்டைபோட்டுப் பிரிந்துவிடுகிறார்கள். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வக்கீல் ஆபீசுக்கு அவரவர் தனியாக வருகிறார்கள், வந்தவர்கள் ஒரே லிஃப்டில் ஏறிவிடுகிறார்கள், கரண்ட் போய்விடுகிறது. பாதிப் படம் அந்தப் பெட்டிக்குள்தான். பேசுகிறார்கள், கத்துகிறார்கள், அழுகிறார்கள், கடைசியில் அவன் லிஃப்டின் கூரையைத் திறந்து மேலே ஏறி அவளையும் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான், சேர்ந்துவிடுகிறார்கள். நடு நாற்காலியில் டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த, வங்கியில் காசாளராக இருக்கிற அம்மா பொங்கிவிட்டார். "ஒரு கரண்ட் கட்டுக்கு மனசு மாறிடுமா? மாறினா அது மனசா?" என்கிறார். அவர் கழுத்தெல்லாம் இறுகிக் கிடந்தது, தலையைப் பின்னால் சாய்க்கவே முடியவில்லை, சரிதான், வீட்டில் அவர் புருஷனோடு பேச்சு நின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் காலேஜ் டீச்சர். அந்தப் படம் நான் உனக்கு அனுப்பினேனே, அந்த நாவலில் இருந்து எடுத்தது அல்லவா, "புக்குல அவங்க சேரவே மாட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டு ஆளுக்கொரு பக்கமா நடந்து போவாங்க, அதான் அழகு, இவனுங்க நாசம் பண்ணிட்டானுங்க" என்று வெடுக்கென்று தலையைத் திருப்பினார். திருப்பிய வேகத்தில் என் கத்தரி ஒரு கொத்தை அள்ளிவிட்டது. இப்போது இதுதான் புது ஸ்டைல் என்று சொல்லிச் சமாளித்து அனுப்பினேன், நல்லவேளை கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஒருத்தி வருவாளே, சுருட்டை முடி, அவளுக்குக் கதையைப் பற்றிக் கவலையே இல்லை. லிஃப்டுக்குள் மயங்கி விழுந்தவள் முகத்தில் அவன் தண்ணீர் தெளிக்கிறானே, காலைத் தூக்கி வைக்க வேண்டாமா என்று அதிலேயே நின்றுவிட்டாள். பல் டாக்டரின் அம்மா என்ன சொன்னார் தெரியுமா, "ரொம்ப நல்ல படம்மா, முழுக்கத் தூங்கினேன், ஒரு சத்தம் இல்ல, அடிதடி இல்ல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் சீப்பு கையை விட்டு விழுந்துவிட்டது.

இத்தனை வருஷம் தலைகளோடு பழகியதில் எனக்கு ஒன்று தெரியும் பாப்பா. ஒருவர் ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், அவர் வீட்டு அடுப்படிவரை எனக்குத் தெரிந்துவிடும். படம் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான், அவரவருக்கு எங்கே வலிக்கிறதோ அங்கேதான் அது படுகிறது. வாய் கிழியத் திட்டுகிறவர்களைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். "ம், பரவாயில்ல, நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் தலையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துவிடுவேன்.

சரி, நாங்களும் போனோம். நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும், தியேட்டரை விட்டு வெளியே வந்தால் பேக்கரி முனைவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முனை வந்ததும் சின்னவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முதலில் சொன்னால் குழந்தை அதற்குத் தலையாட்டிவிடும் என்று உன் அப்பா வைத்த சட்டம். நீ எங்கே தலையாட்டினாய்! ஊரே ஹீரோவைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும், நீ பேக்கரி வெளிச்சத்தில் நின்றுகொண்டு, "இண்டர்வெல்லுக்கு முன்னாடி ஒரு நாய் வந்துச்சே, அவங்க எல்லாம் ஊரை விட்டுப் போயிட்டாங்களே, அதுக்கு யாரு சோறு போட்டா?" என்று கேட்பாய். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதும் அப்பாவை விடமாட்டாய். படம் எடுத்தவனுக்கே தெரியாததை என்னிடம் கேட்டால் எப்படி என்று அவர் கெஞ்சுவார். இப்போது அந்த முனைக்கு வந்தால் நான்தான் சின்னவள். அவர் நின்று என் முகத்தைப் பார்க்கிறார், நான் ஏதோ சொல்கிறேன், அவர் ஏதோ சொல்கிறார், முடிந்துவிடுகிறது, ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். உன் இடத்தில் நின்று பேசுவது எனக்குப் பிடிக்கவே இல்லையடி.

அன்றைக்கு அவர் முனைவரை எங்கே பொறுத்தார். தியேட்டருக்குள்ளேயே, அவன் கூரையைத் திறக்கிறான், இவர் எழுந்து நின்றுவிட்டார். "டேய், ஏறாதடா! நடுவுல நின்னா உள்ளேயே உக்காரணும்டா, கரண்ட் வந்தா நசுங்கிப் போயிடுவே!" என்று திரையைப் பார்த்துக் கத்துகிறார். பின்னாலிருந்து "பெரியவரே, உக்காருங்க" என்று ஒரே கூச்சல், எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. இதைப் பார்த்துவிட்டு எவனாவது ஏறிச் சாவான், படம் எடுத்தவன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று தட்டில் போட்டது ஆறிப்போகும்வரை பேசினார். அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு, "உன் பொண்ணு பாக்கட்டும், போனைப் போட்டு என்னை என்ன கிழி கிழிக்கிறான்னு பாரு" என்றார். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார் மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? "பாத்துட்டேன்பா, சூப்பர், கடைசில அழுதுட்டேன்" என்றாய். அவர், "வேற?" என்றார். "வேற ஒண்ணுமில்லப்பா, நல்லா இருந்துச்சு. அம்மா அனுப்பின புக்குல இருந்த மாதிரியே எடுத்திருக்காங்க" என்றாய். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு, சொட்டாத குழாயைப் பார்க்க எழுந்து போனார். காலேஜ் டீச்சர் மட்டும் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார், நர்ஸ் வந்து காலைத் தூக்கி வைத்திருப்பாள். ஆனால் எனக்குப் புத்தகம்கூடப் பெரிதில்லை. லிஃப்ட் மெக்கானிக் மகள் ஒருத்தி, பாதிப் படம் லிஃப்டுக்குள்ளேயே நடக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைப்பாளா?

நான் அவரிடம் சொல்லவில்லை. மனுஷர் நொந்துபோவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் என்னிடம் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் தெரியாதது போல நாலைந்து நாள் நடமாடினோம். ஒரு சாயங்காலம் அவர் உன் அறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அவ அந்தப் படத்தைப் பாக்கலடி" என்றார். தெரியும் என்றேன். "எத்தனை நாளா எதையுமே பாக்கலையோ" என்றார். துண்டுகள் காய்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் போன வருஷத்திலிருந்தே நீ எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். எந்த நாயும் இல்லை, பூனையும் இல்லை, ஒருத்தரோடும் சண்டை இல்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே என் தங்கமே. எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாய், பார்க்கவில்லை என்றால் கிழவனும் கிழவியும் வாடிப்போவார்கள் என்று நினைத்திருப்பாய், அது எனக்குத் தெரியாதா. முன்பெல்லாம் உன்னோடு படத்துக்கு வருவாளே, உன் ஆபீஸ் சிநேகிதி, அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்துதான் இந்த "சூப்பர்" ஆரம்பித்தது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், தப்பாக இருந்தால் சொல்லு. தனியாகப் போய் உட்கார்ந்து பார்ப்பது கஷ்டமில்லை, பார்த்துவிட்டு வெளியே வருவதுதான் கஷ்டம். நானும் ஒரு நாள் பார்லரைச் சீக்கிரம் சாத்திவிட்டுத் தனியாக ஒரு படத்துக்குப் போனேன், உன்னிடம் சொன்னதில்லை. வெளியே வந்து நிற்கிறேன், யாரிடம் சொல்வது, வாயெல்லாம் நமநமவென்கிறது, கடைசியில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் போய் தங்கச்சியாக வந்தவள் நன்றாக நடித்திருக்கிறாள் என்றேன். அடுத்த காட்சிக்கு எத்தனை டிக்கெட் என்று கேட்டாள். வீடுவரை நடந்தே வந்தேன், பேக்கரி முனையில் நிற்கக்கூட இல்லை. அதனால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ பொய் சொன்னது எனக்கு வலிக்கவில்லை, அங்கே நீ வாயைத் திறக்க ஆளில்லாமல் இருக்கிறாயே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அப்பா திரும்பவும் அந்தப் படத்துக்குப் போகலாம் என்றார். திட்டித் தீர்த்த படத்துக்குக் காசு கொடுத்து மறுபடியுமா என்றேன், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், போனோம். இந்தத் தடவை லிஃப்ட் வந்தபோது சத்தமே போடவில்லை. வெளியே வந்து நடந்தோம், பேக்கரி முனை வந்தது, வழக்கம்போல நான் ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "ஆரம்பத்துல அந்த வீட்டு ஜன்னல்ல ஒரு பூனை உக்காந்திருந்துச்சே. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு யாரு பால் வச்சிருப்பா?" என்றார். நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன், ரொட்டிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இனிமேல் நான் முதலில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். சின்னவள் சொல்லட்டும், அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அவர் எவ்வளவு நாள் தாங்குவார் என்பது உன் கையில்தான் இருக்கிறது.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சந்தோஷப்படுத்த ஒன்றும் சொல்லாதே. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லு. புத்தகத்தைப் படிக்கவில்லை, பிரிக்கவே இல்லை, மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றாலும் சொல்லு. எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை அம்மா, யாரையுமே பிடிக்கவில்லை என்றாலும் சொல்லு. லீவு கிடைத்தால் வந்துவிடு, கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கு. துண்டுகளை ஒரே நொடியில் எடுத்துவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, நனைந்த தலையோடு படுக்காதே, முடியை வேறு எவளிடமும் கொடுத்துக் குட்டையாக வெட்டிக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பா தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம், இடம் விடச் சொல்கிறார்.

உன் வாயைத் திறந்து நீ பேசுவதைக் கேட்கக் காத்திருக்கும்,
அம்மா

பாப்பா, அப்பா எழுதுவது. உன் கட்டடத்து லிஃப்ட் பழசு, போட்டோவில் பார்த்தேன். நடுவில் நின்றுவிட்டால் அந்தப் படத்தில் வருகிற மாதிரி மேலே ஏறாதே. பயப்படாமல் உள்ளேயே உட்கார். மணியை விடாமல் அழுத்து, யாராவது வருவார்கள். வரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, நான் வருகிறேன்.