ரீச்சருக்குச் சொன்ன இழவு

உ

மயிலிட்டி
மாசி 12

என்ரை குஞ்சுக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் கேட்கவேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். நான் படித்த ஐந்து வகுப்புக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக எழுத வரும். அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் விடிந்ததிலிருந்து பேனையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அப்பாவும் நானும் இருக்கிறோம். ஒரு நேரம் சமைக்கிறேன். நீ காய்ச்சலில் போய் இன்றைக்கு அறுபத்தெட்டு நாள்.

வாடைக்காற்று குறைந்துவிட்டது. எல்லாருடைய படகும் இறங்குகிறது. எங்கள் படகு மட்டும் கரையில் கிடக்கிறது. அப்பா தொழிலுக்குப் போகாததற்குக் காரணம் நான்தான். அதை உனக்குச் சொல்லாமல் வேறு ஆருக்குச் சொல்ல?

உன் ரீச்சரைப் பற்றித்தான். அப்பாவின் வலையில் ஏறின எட்டுக்கைப் பேய்க்கணவாய், கறிச்சட்டிக்குப் போக இருந்ததைப் பறித்து, மானிப்பாயில் வாங்கின மீன்தொட்டியில் விட்டாய். வகுப்பில் இடாப்பு வாசித்துப் பேர் கூப்பிடுகிற ரீச்சர் மாதிரி எல்லாரையும் பார்க்கிறாள் என்று பேரும் வைத்தாய். நீ போனபிறகு, நீ செய்தது போலவே நான் கடல்தண்ணீர் அள்ளிவந்து மாற்றினேன். அவள் ஏறி வெளியே வராமல் மூடிக்கு மேலே அம்மிக் குழவியை வைத்தேன். கரண்ட் போனால் காற்று மோட்டர் நின்றுவிடும். அப்போது அகப்பையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நிற்பேன். சின்னாச்சி மாமி வேலிக்கு அங்காலே நின்று, கறிக்கு வைக்கிறதைக் கண்ணாடிக்குள்ளை வைச்சுப் பூசை செய்யிறாள், இன்னும் ரெண்டு நாளிலை மணியும் ஆட்டுவாள் என்று சொன்னா. சொல்லட்டும்.

நீ போன முதல் கிழமை மட்டும் அவளை ஒருவரும் பார்க்கவில்லை. வீடு நிறையச் சனம். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு உனக்குப் பிடித்த இறால் வடையெல்லாம் படைத்து முடித்து, பத்தாம் நாள்தான் தொட்டியடிக்குப் போனேன். தொட்டிக்குள் நீ சரித்து வைத்த பூச்சட்டிக்குள் ஒடுங்கிச் சாம்பல் நிறத்தில் கிடந்தாள். நண்டு போட்டேன், தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. நாலரை மணிக்கு மட்டும், உன் பஸ் சந்தியில் நிற்கிற நேரத்துக்கு, முன் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். உது அதின்ரை சாப்பாட்டு நேரமடி, கணவாய்க்கு மணிக்கூடு வயித்திலை என்று அப்பா சொன்னார்.

எனக்கு வேறு யோசனை. எங்கள் பகுதியில் இழவை ஆள் போய் வாசலில் நின்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்ட வீடு வருஷக்கணக்காக எங்களோடு முகம் கொடுத்துக் கதையாது. ஊரெல்லாம் சொன்னோம். கனடாவுக்கும் சொன்னோம். உன்னோடு ஒரே அறைக்குள் இருந்தவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தொட்டியடியில் நின்று வாயால் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக் காது இருக்கிறதோ தெரியாது. தொட்டுத்தான் எல்லாவற்றையும் அறிகிறாள் என்று நீதானே சொன்னாய். அவள் தொட்டு அறிய என்னிடம் என்ன இருந்தது? உன் சட்டைகளையெல்லாம் தோய்த்து அடுக்கிவிட்டார்கள். சவர்க்கார மணம்தான் இருந்தது.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. எனக்கு உன்னைத் திருப்பித் தந்தது சாம்பலாக ஒரு முட்டியில், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி. அந்தியேட்டிக் கிரியை வரும் மட்டும் அதை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்று பின்வளவுப் பூவரசில் தூக்கியிருந்தார்கள். நான் துணியை அவிழ்த்தேன். கோபிக்காதே பிள்ளை. விரல்நுனி அளவு ஒரு எலும்பு. அதைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டேன்.

அடியில் விழ முந்தியே பிடித்தாள். ஒரு கையால் வாங்கி மறு கைக்கு மாற்றி, எட்டுக் கையாலும் தடவினாள். உடம்பெல்லாம் நிறம் ஓடியது. சாம்பல், பிறகு மண், பிறகு கடைசியாக உனக்கு உடுத்திவிட்ட சேலையின் அரக்கு. அந்த நிறத்தோடேயே அதைப் பூச்சட்டிக்குள் கொண்டுபோனாள். அன்றைக்கு நண்டும் தின்றாள். தண்ணீர் மாற்றக் கை விட்டபோது என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நீ பிடித்தாயே, நாடி பார்க்கிற மாதிரி, அதே இடத்தில், அதே இறுக்கம். எனக்குப் பயமாக இருந்தது. கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நாலரை மணிக்கு அவள் வாசலைப் பார்க்கவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடலுக்குப் போனோம். ஐயர் முட்டியைத் தொட்டு, எல்லாம் இருக்குத்தானே, ஒண்டும் மிச்சம் வைக்கக்கூடாது என்றார். அப்பா ஓம் ஐயா என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா இடுப்பளவு தண்ணீரில் போய்க் கரைத்தார். அலை அந்தச் சாம்பலைத் திருப்பிக் கொண்டுவந்து என் காலில் பூசிவிட்டது. வாடைக்காத்து அப்பிடித்தான் செய்யும் என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற மற்றவர்களின் கால் சுத்தமாக இருந்தது.

தை முடியும்போது ரீச்சர் பூச்சட்டிக்கு வெளியே வருவதை விட்டுவிட்டாள். உன்னோடு கம்பஸில் மீன் பாடம் படித்த ஜெசிதா பார்க்க வந்தா. ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அன்ரி, முட்டை போட்டிருக்கு, இனிச் சாப்பிடாது, பொரிக்கும் மட்டும் காவல் இருந்திட்டுச் செத்துப்போகும் என்றா. பூச்சட்டியின் உள்ளே மேல்பக்கம் அரிசி கோத்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. நடுவில் உன் எலும்பு. முட்டைகளுக்குத் தண்ணீர் ஊதுவது போல அதற்கும் ஊதிக்கொண்டிருந்தாள். உதென்ன அன்ரி நடுவிலை என்று பிள்ளை கேட்டா. சங்குத்துண்டு என்றேன். அப்பா பக்கத்தில் நின்றார். சாம்பல் அள்ளியது அவர்தானே. அவருக்குத் தெரியாதா?

ஜெசிதாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து கேட்டார். சொன்னேன். அடிக்கவில்லை. பெத்த பிள்ளையை வழியிலை மறிச்சு வைச்சிருக்கிறாய் உதயா, அவள் அங்காலையும் போகேலாமல் இஞ்சாலையும் வரேலாமல் நிக்கிறாள் என்றார். தொட்டிக்குள் கையை விட்டார். ரீச்சர் மை கக்கினாள். தண்ணீர் தெளிந்தபோது அப்பாவின் கை முழுக்க வட்டம் வட்டமாக உறிஞ்சின அடையாளம். எலும்பு அவளிடம்தான். பிள்ளையின்ரை குறை எலும்பைக் கடலிலை சேர்க்காமல் அந்தத் தண்ணியிலை வலை போடமாட்டன் என்று அன்றைக்குச் சொன்னவர்தான், இன்னும் போகவில்லை. பொரிக்கும் மட்டும் பொறுங்கோ, தாயைக் குழப்பினால் முட்டை எல்லாம் வீணாய்ப் போகும் என்று காலில் விழுந்து கேட்டேன். முட்டைக்காகக் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

நேற்று விடியப் பொரித்துவிட்டது. தொட்டி முழுக்கக் கண் வைத்த தூசிகள். அப்பா வாளி வாளியாக அள்ளிக் கடலில் விட்டுவிட்டு வந்தார். அவள் வெளிறி, கைகள் நூலாகி, பூச்சட்டி வாசலில் கிடந்தாள். எலும்பை வெளியே தள்ளினாள். எடுத்து உள்ளே வைத்தேன். தள்ளினாள். திரும்பவும் வைத்தேன். பிறகு என் கையைத் தேடி வந்து, உள்ளங்கையில் அதை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அதோடு அவளின் மிச்ச நிறமும் சீவனும் போய்விட்டன.

அதுகளின்ரை பழக்கம், நண்டுக் கோதையும் குப்பையையும் வெளியிலை தள்ளும் என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே அழுதார். பேய் பேய் என்று ஏசினவர், அவளை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இப்போது படகை இறக்கிவிட்டு நிற்கிறார். எங்கள் ஆட்களில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. இன்றைக்கு என்னை ஏறட்டாம். எஞ்சின் சத்தம் கேட்கிறது.

எங்கே நின்றாலும் பயப்படாதே, குஞ்சு. மயிலிட்டிக் கோயில் அம்மாள் உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவா. உனக்கு இனிக் காய்ச்சல் காயாது.

உன்னைப் பெற்ற
அம்மா

நேற்றிலிருந்து எலும்பு இருக்கிற இடக்கையை நான் திறக்கவில்லை. நித்திரையிலும் திறக்கவில்லை. மடக்கினது ரீச்சர் என்றால், வைத்திரு என்றுதான் அர்த்தம், ஆர் சொன்னாலும் திறக்கமாட்டேன். அவளின் கையால், போகவேண்டும் என்று நீ கேட்டது என்றால், நடுக்கடலில் திறக்கிறேன். என்ரை விரலை மடக்கினது ஆர், பிள்ளை?