இரண்டு மரப்பெட்டிகளும் ஓர் உரப்பையும்

மாஸி, ஒக்லாந்து, நியூசிலாந்து
17.08.1997

மதிப்புக்குரிய மாமாவுக்கும் அன்புள்ள மாமிக்கும்,

மருமகன் பார்த்தீபன் எழுதுவது. உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் மாமா இதை மாமியின் பக்கம் தள்ளிவிடுவார் என்று தெரியும். மாமி, தயவுசெய்து உரக்க வாசியுங்கள். அவர் காதில் விழட்டும்.

இங்கே யோகராணியும் லோஜனாவும் சுகம். ஒரே மழையும் குளிரும். வெஸ்ட்கேட்டில் புதுக் கடைகள் கட்டுகிறார்கள், அங்கே வேலை கிடைக்கலாம் என்று யோகராணி நம்பியிருக்கிறாள். லோஜனா எதைக் கேட்டாலும் இங்கிலிஷில்தான் பதில் சொல்கிறாள். தாத்தா வந்தால் அந்தப் பருப்பு வேகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் கிடைத்த விசா மார்கழியோடு முடிகிறது. அதற்குள் கொழும்புக்கு வந்து விமானம் ஏறுங்கள் என்று எழுதியதற்கு, மாமி, நீங்கள் போன மாதம் பதில் போட்டிருந்தீர்கள். பதிவாளராக இருந்து எழுதிய பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவுப் புத்தகங்களை யாழ்ப்பாணக் கச்சேரி அதிகாரிகளிடம் ஒப்படைக்காமல் அவர் எங்கேயும் வரமாட்டாராம். அதற்காகத் திருகோணமலையிலிருந்து கப்பல் ஏற வவுனியாவில் இராணுவத்தின் பயணப் பாஸுக்குக் காத்திருக்கிறாராம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் தலைக்கேறியது. வவுனியாக் கச்சேரியில் கொடுத்துவிட்டு வாருங்கள், அரசாங்கம் ஒன்றுதானே என்று நாலு பக்கம் எழுதினேன். அந்தக் கடிதம் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதை அனுப்பாத காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பென்ரோசில் பழைய கடதாசிக் கிடங்கில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். நூலகங்கள் கழித்துவிட்ட புத்தகங்கள் எங்களிடம் வரும். தடித்த அட்டையைக் கிழித்து வேறாகப் போடுவதும், உள்ளிருக்கும் தாள்களைக் கூழாக்க அனுப்புவதும்தான் என் வேலை. ஒரு நாளைக்கு நானூறு புத்தகமாவது என் கையால் முடியும். இரண்டு வருடத்தில் ஒன்றையும் நான் திறந்து பார்த்ததில்லை. மூன்று கிழமைக்கு முன் அட்டையைக் கிழித்த ஒரு புத்தகம் தானாக விரிந்தது. அதில் ஒரு படம். மாட்டு வண்டியில் இரண்டு மரப்பெட்டிகள், பக்கத்தில் ஒரு மனிதர் நடந்து போகிறார், பின்னால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும். அதைக் கூழுக்குப் போடாமல் தனியே எடுத்து வைத்தேன். வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுக் கொண்டு போகச் சொன்னார்.

தேநீர் இடைவேளைகளில் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்து முடித்தேன். அவர் பெயர் ஜோசையா வெல்டன். அமெரிக்கா புதிதாக நாடான காலத்தில், அங்கே ஒரு சின்ன மாநிலத்துக்கு முதல் செயலாளராக இருந்தவர். பெரிய உத்தியோகம் என்று நினைக்காதீர்கள். வீட்டு முன் அறைதான் கந்தோர். காணி உறுதி, பிறப்பு, இறப்பு, கலியாணம், சபைத் தீர்மானம் எல்லாம் அந்த இரண்டு பெட்டிகளுக்குள். அந்த மாநிலமே அவ்வளவுதான், மாமா. இங்கிலிஷ்காரரின் படை ஆற்று வழியாக வருகிறது என்று தெரிந்ததும் ஊர் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றியது. இவர் பெட்டிகளை ஏற்றினார். வண்டியில் இடம் போதவில்லை. அவர் மனைவி மேர்சி, இறந்துபோன தன் மூத்த பிள்ளையின் தொட்டிலைத் தானே இறக்கி வைத்தாளாம். கடைசிப் பிள்ளை ஆறு வயது, இருபத்தாறு மைல் நடந்தது. அயலவர்கள் பார்த்துச் சிரித்தார்களாம்.

பிறகு மூன்று வருடம் ஒரு வைக்கோல் கொட்டிலில் அந்தப் பெட்டிகளை வைத்து, கிழமைக்கு ஒரு தரம் தாள்களை வெயிலில் பரப்பி, திருப்பி அடுக்கினார். அப்படிச் செய்யும்படி ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் அரசாங்கமே அப்போது இருக்கவில்லை. அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். இப்படியும் ஒரு மனிதரா என்று பிரமித்துப் போய் இருந்தேன். அதற்குப் பிறகுதான், இப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பது உறைத்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணமே வெளியேறிய இடம்பெயர்வில், மாமா, நீங்கள் பதினொரு பதிவுப் புத்தகங்களை உரப்பைக்குள் கட்டி, சைக்கிளில் ஏற்றி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தீர்கள். மாமியின் தையல் மெஷின் வீட்டிலேயே நின்றுவிட்டது. அதைக் கேள்விப்பட்டு, பழைய கடதாசிக்காக இருந்த ஒரு சாமானையும் விட்டுவிட்டு வந்தீர்களே, உங்களுக்கு மூளை பிசகிவிட்டதா என்று எழுதினேன். பெற்ற தகப்பனுக்கு எழுதாத சொல்லை உங்களுக்கு எழுதினேன். மெஷின் நாளைக்கும் வாங்கலாம், சனத்தின்ரை பேரை எங்கை வாங்கிறது என்று மாமி சொன்னதாக யோகராணி பிறகு சொன்னாள். அதைக் கேட்டும் நான் திருந்தவில்லை.

யோகராணியின் விசாவுக்குக் கலியாணப் பதிவு கேட்டார்கள். எங்களிடம் இருந்தது வீட்டோடு எரிந்துபோயிருந்தது. நீங்கள் உங்கள் புத்தகத்தை வவுனியாக் கச்சேரிக்குக் கொண்டுபோய், முத்திரை குத்திய போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பினீர்கள். கூட ஒரு வரி இல்லை. எனக்கு மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தது அந்தத் தாளால்தான். நன்றி என்று எழுத வெட்கப்பட்டு, ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பிரதியை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்து என் சிநேகிதன் கீதனுடையது. அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு வருடம். அவனுடைய வீடும் இல்லை, படமும் இல்லை. அவன் என் கலியாணத்தில் பக்கத்தில் நின்றான் என்பதற்கு, நீங்கள் சுமந்த அந்தப் புத்தகம்தான் மிச்சம். அப்படி எத்தனை வீட்டுக் கீதன்கள் அந்த உரப்பைக்குள் இருந்தார்களோ. மாமா, என்னை மன்னித்துவிடுங்கள்.

வெல்டன் கடைசியில் பெட்டிகளைத் தலைநகருக்குத் திரும்பக் கொண்டுபோனார். புதிதாக வந்த எழுதுவினைஞரை ஒவ்வொரு தாளாக எண்ண வைத்து, கையெழுத்து வாங்கினார். அந்தப் பற்றுச்சீட்டின் படமும் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். அங்கே முதல் நாள் மத்தியானம் வரை நித்திரை கொண்டாராம். மகள் ஒருவரையும் எழுப்ப விடவில்லையாம்.

ஆகவே நீங்கள் யாழ்ப்பாணத்துக்கே போங்கள். விசாவை நீட்டித் தரச் சொல்லி நாளைக்கு எழுதிக் கொடுக்கிறேன். மறுத்தால் புதிதாக விண்ணப்பிப்பேன். மாமிக்குப் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கி முன் அறையில் வைத்திருக்கிறேன். யோகராணி கட்டிலையும் விரித்துவிட்டாள். உங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவள் சமையலைச் சாட்டிக் குசினிக்குள் போய்விடுகிறாள்.

புத்தகங்களை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள், மாமா. இங்கே மத்தியானம் வரை உங்களை ஒருவரும் எழுப்ப மாட்டோம்.

உங்கள் மன்னிப்பையும் மாமியின் ஆசியையும் வேண்டும்,
மருமகன்
பார்த்தீபன்