குனியாமல் வாருங்கள்

வீட்டை விட்டுப் போன கணவருக்கு,

போன மாதம் மன்னிப்புக் கேட்க வந்து, வாசலில் இடுப்பு வரை குனிந்தீர்கள். காப்பகத்திலிருந்து நான் கூட்டிவந்திருந்த நாய் கொமுகி, ஒரே பாய்ச்சலில் உங்கள் தலையிலிருந்த டோப்பாவைக் கவ்விக்கொண்டு ஓடினாள்.

"அந்தச் சனியனைத் திருப்பி அனுப்புடி! அப்பதான் நான் திரும்பி வருவேன்!" என்றீர்கள். நான் சிரித்தது தப்புதான். அடுத்த வீட்டு நிஷிவாகி அம்மாளும் சிரித்தாரே!

நாய்ப் பயிற்சியாளரிடம் கேட்டேன். "குனிஞ்சா விளையாட்டுன்னு நினைச்சுக்குவாம்மா. அவ மேல குதிச்சா முதுகைக் காட்டி நில்லுங்க. பேசாதீங்க. நாலு காலும் தரையில பட்டப்புறம் கொஞ்சுங்க."

பத்தே நாளில் திருந்திவிட்டாள்.

நீங்கள் இருபது வருஷமாக ஒவ்வொரு பெண் விவகாரத்துக்கும் குனிந்தே தப்பித்தீர்கள். நானும் அசடாய் மூக்கைச் சிந்திக்கொண்டே தேநீர் ஊற்றினேன்.

நாயை அனுப்பமாட்டேன். டோப்பாவைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்; பல் பட்ட இடத்தில் வகிடு எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி வந்து குனிந்தால், இங்கே தெரியப்போவது கொமுகியுடையதும் என்னுடையதுமாக இரண்டு முதுகுகள்தான்.

இப்படிக்கு,
அதில் அகலமான முதுகுக்காரி